பூட்டுக்கல் ஓட்டை வழியாக இறங்கிய ஆர்னூல்

எங்கள் ஊர்ப் பெரிய தேவாலயத்தின் கற்களில் பாதியை மேலே ஏற்றியவை ஆர்னூலின் கால்கள். கூரைக்கு மேல் நிற்கும் பெரிய மரச்சக்கரத்துக்குள் பதினோரு வருஷம் நடந்தான். அவன் நடக்க நடக்கச் சக்கரம் சுழலும், கயிறு சுருளும், கீழிருந்து கல் வரும். இத்தனை நடந்தும் ஓரடி முன்னேறாத மனிதன் என்று ஊரே கேலி செய்யும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஆர்னூலுக்கு உயரம் என்றால் கதிகலங்கும். ஜன்னலில்லாத சுழல்படியில் சுவரைப் பார்த்தபடியே ஏறுவான். சக்கரத்துக்குள் தன் செருப்பைத் தவிர எதையும் பார்க்க மாட்டான். கீழே நின்று அண்ணாந்தாலும் தலை சுற்றும். தான் தூக்கிய கல் எங்கே போய் உட்கார்ந்தது என்று ஒருநாளும் கண்டதில்லை. விஷயம் வெளியே வந்தால் மேஸ்திரி சக்கரத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார். அதைவிடப் பெரிய கவலை, சாந்து குழைக்கும் எர்சான். அவளிடம் கல்யாணப் பேச்செடுத்து மூன்று வாரமாகிறது. "யோசிச்சுச் சொல்றேன்" என்பதோடு நிற்கிறாள். பயந்தாங்கொள்ளியை எவள் கட்டுவாள்?

இந்த நேரம் பார்த்து நடுக்கூரை முடிந்தது. கூரையைத் தாங்கி வளையும் எட்டு விலாக்கற்களும் வந்து கூடும் உச்சியில் பூட்டுக்கல் உட்கார்ந்தது. அதன் நடுவே பீப்பாய் நுழையும் அளவு ஓட்டை. சாரம் பிரித்த மறுநாள், அந்தக் கல்லை ஏற்றியவனை அதே ஓட்டை வழியாகக் கயிற்றில் இறக்குவது எங்கள் வழக்கம். அவன் கால் தரையில் படும்வரை புதுக்கூரையின் கீழ் ஒருவரும் வரமாட்டார்கள்.

அந்த நாளும் வந்தது. "வயித்துவலி மேஸ்திரி," என்றான் ஆர்னூல், கூரைமேல் ஓட்டையருகே நின்று.

"விலாங்குமீன் மூணு தட்டு தின்னா வலிக்காதா? கயித்தக் கட்டுய்யா," என்றார் மேஸ்திரி தியெர்ரி.

"சக்கரத்த நான்தானே மிதிக்கணும்?"

"இன்னைக்கு நான் மிதிக்கிறேன்," என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள் எர்சான்.

ஓட்டையில் அவன் தொந்தி மாட்டிக்கொண்டது. இரண்டு தச்சர்கள் தோளை அழுத்த, பொத்தென்று வெளியே வந்து தொங்கினான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த புனிதர்கள் பேரையெல்லாம் சொல்லிக் கத்தினான். பாதி வழியில் கயிறு நின்றது.

"ஏ எர்சான்! ஏன் நின்னுடுச்சு?"

"நான்தான் நிறுத்தினேன். கண்ணத் திற!"

"தெறந்துதான் இருக்கு!"

"புளுகாத. தெறந்திருந்தா வாயடைச்சுப் போயிருப்ப."

ஆர்னூலுக்கு அழுகையே வந்துவிட்டது. "பயமா இருக்குடி! பதினோரு வருஷமா பயமா இருக்கு!" என்று அலறினான். கல்லெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது. வாசலில் நின்ற ஊர் மொத்தமும் கேட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? ஒரு கண்ணைத் திறந்தான்.

சுவரைக் காணோம். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஆளுயரத்துக்குப் பத்து மடங்கு கண்ணாடி. அவன் தொந்தியில் சிவப்பும் நீலமும் கொட்டின. மெல்லிய தூண்கள் மேலே போய்க் கிளைபிரிந்து, கூராக வளைந்து ஒன்றையொன்று தொட்டன. கண்ணாடிக்கு வெளியே, கைநீட்டிச் சுவரைத் தாங்கும் கல்வளைவுகளின் நிழல். அந்தக் கற்களின் கனம் அவன் கெண்டைக்கால்களுக்குத் தெரியும். அவையா இப்படிக் காற்றில் நிற்கின்றன? சந்தோஷம் தாங்கவில்லை. கயிற்றோடு சுற்றிச் சுற்றிச் சிரித்தான்.

தரையில் கால் பட்டதும் ஜனம் ஆரவாரத்தோடு உள்ளே பாய்ந்தது. ஆர்னூல் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் படிகளில் மேலே ஓடினான்.

"கயித்தக் கட்டிக்க எர்சான். நீயும் பாக்கணும்."

அவள் ஓட்டையை எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "ஐயோ, நான் மாட்டேன். நானும் சுவத்தப் பாத்துத்தான் படியேறுவேன். இல்லேன்னா உன் குட்டு எனக்கெப்படித் தெரியும்?"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேருமா! இவங்கள வச்சா நான் கோயில் கட்டினேன்? சரி சரி, சக்கரத்துல ஏறுய்யா."

எர்சான் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் ஆர்னூல் சக்கரத்தை நிறுத்தினான். கீழே வெகுநேரம் சத்தமே இல்லை.

"ஆர்னூல்!" என்று கடைசியில் குரல் வந்தது. "ஞாயித்துக்கெழமையே கல்யாணத்த வச்சுக்கலாம்! ஆனா இப்ப எறக்காத, இன்னும் கொஞ்சம் தொங்குறேன்!"