கதவைக் கடித்த குதிரையும் என் படிவமும்

என் மகள் சவாரி பழகிய பெட்டைக்குதிரைக்கு ஒரு பழக்கம் இருந்தது. லாயத்துப் பாதிக்கதவின் விளிம்பை முன்பற்களால் கவ்வும், கழுத்தை வில்லாக வளைக்கும், பிறகு ‘ஹக்’ என்ற சத்தத்தோடு காற்றை இழுக்கும். நாள் முழுக்க இதே வேலை. கல்யாணப் பந்தியில் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, வராத ஏப்பத்தை வரவழைக்கப் பார்க்கும் பெரிய மனிதர் மாதிரி இருக்கும்.

அல்வாலில் எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிடத் தூரத்தில் அந்தச் சவாரிப் பள்ளி. ஆறு குதிரைகள், ஒரு மண் மைதானம். நடத்தியவர் ஓய்வுபெற்ற மேஜர். மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“இது நக்கோ மேன், வேணாம். இதைப் பாத்து மத்ததுங்களும் கத்துக்கும். தசரா முடிஞ்சதும் கல்யாண ஊர்வலக்காரன் ஒருத்தன் வந்து வாங்கிட்டுப் போயிடுவான்.”

மகளுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் இந்தியிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்பவள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். மற்ற குதிரைகளில் ஏறினால் பயத்தில் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவாள். இதன் மேல் மட்டும்தான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஆள். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் குறைபாடுகளுக்குக் காரணம் எழுதிச் சோறு தின்கிறவன். எங்கள் பிரிவில் ஒரு போல்ட் வளைந்து வந்தால், ஏன் வளைந்தது என்று ஐந்து பேர் உட்கார்ந்து பேசுவோம். பேசி முடிப்பதற்குள் ஸ்டோர்ஸ்காரர் சத்தமில்லாமல் வேறு போல்ட்டைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

“சார், தசரா வரைக்கும் டைம் குடுங்க. ரூட் காஸ் கண்டுபிடிச்சுத் தர்றேன்” என்றேன் மறுநாள் மேஜரிடம்.

“கைக்கு?” என்றார். எதற்கு என்று அர்த்தம். பிறகு என் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். “ஹவ், சரி, செய்” என்றார்.

ஆபீஸ் படிவத்தையே வெள்ளைத்தாளில் வரைந்துகொண்டேன். பொருள்: குதிரை. எண்ணிக்கை: ஒன்று. குறைபாடு: கதவு கடித்தல். கீழே, கால் மணிக்கு ஒரு கட்டம், கடிக்கு ஒரு கோடு. மனைவி எட்டிப் பார்த்தாள். திருநெல்வேலிக்காரி, பதினெட்டு வருட ஹைதராபாத் அவள் தமிழைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஆபீஸ்ல போல்ட்டப் படுத்துத பாடு காணாதாக்கும்? வாயில்லாச் சீவன வேற படுத்தணுமோ?”

“வாய் இருக்கு. அதான் பிரச்சினையே.”

“சரி, வெறுங்கைய வீசிட்டுப் போவாதிய” என்று டிபன் டப்பாவில் வெல்லமும் கேரட்டும் போட்டுக் கொடுத்தாள்.

மகளுக்குத் தசரா விடுமுறை. பகலெல்லாம் அவள் கோடு போட்டாள். ஆபீஸ் விட்டு ஐந்தரைக்கு நான் வந்து, குதிரைக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுத்து நட்பைப் புதுப்பித்துவிட்டு, லாயத்தின் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். மூன்றாம் நாள் கதவு விளிம்பில் மிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவினேன். குதிரை முகர்ந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பித் தீவனத் தொட்டியைக் கடித்தது. ‘குறைபாடு இடம் மாறியது’ என்று எழுதினேன். லாயத்துக்காரர் ஒருவர் இருந்தார், என் வயதுதான். அவர் புல்கட்டுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அந்த நாற்காலியில் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு தடுப்பு தள்ளி இருந்த வெள்ளைக்குதிரை தலையை இடதும் வலதுமாக நாளெல்லாம் ஆட்டிக்கொண்டே நின்றது. பாவம், என்ன கவலையோ என்று நினைத்தேன். மகள் என் காலைக் காட்டினாள். அது அதே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் அவள் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள்.

“தேக்கோ அப்பா. ஆஃப்டர் ஃபைவ் தர்ட்டி பைட்டிங் ஜ்யாதா ஹை. ஹூ கம்ஸ் அட் ஃபைவ் தர்ட்டி?”

ஐந்தரைக்கு வருவது நான். ஐந்தரைக்கு மேல் கட்டங்களில் கோடு போட இடமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு குறைபாட்டின் மூலகாரணம் நானே என்று ஆதாரத்தோடு நிரூபணமானது அதுதான் முதல் தடவை. என் மேலதிகாரிகள் ஆதாரம் இல்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் லாயத்துக்காரரிடம் கேட்டேன். “ஹவ் சாப். ஆப் ஆத்தேச் கர்ரி. குட் காத்தேச் கர்ரி” என்றார். நான் வந்ததும் கடிக்கிறது, வெல்லம் தின்றதும் கடிக்கிறது.

ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன்.

“ஆப் பூச்சேச் நை.” நீங்கள் கேட்கவே இல்லையே.

கேட்க ஆரம்பித்தேன். புல் காலையிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் மாலைவரை வெறும் வயிறு, வெறும் சுவர். மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாதென்று போன வருடம் இதைக் கடைசித் தடுப்புக்கு மாற்றியிருந்தார்கள். இன்னொரு குதிரையின் முகத்தைப் பார்க்க வழியில்லை. கடிப்பது அதற்கப்புறம்தான் ஏறியதாம். இன்டர்நெட்டில் தேடிப் படித்ததும் அதையேதான் சொன்னது: இனிப்பு தூண்டிவிடும்; பசியும் தனிமையும் வளர்க்கும்; பக்கத்துக் குதிரை பார்த்துக் கற்றுக்கொள்வதற்குப் பெரிய ஆதாரம் இல்லை.

வெள்ளைக்குதிரைக்குப் பக்கத்தில் கட்டலாம் என்றதும் மேஜர் கையை ஆட்டினார். “அதையும் கெடுத்துடும் மேன்.”

“சார், அது ஏற்கெனவே நாள் பூரா ‘இல்லை இல்லை’னு தலையாட்டிட்டு இருக்கு. இதுக்கு மேல என்ன கெடணும்?”

சிரிப்பை அடக்க அவர் மீசையைத் தடவினார். அனுமதி கிடைத்தது. தடுப்பின் மேல்பலகைகளை லாயத்துக்காரர் கழற்றினார். நான் ஆணியைத் தொலைத்து உதவினேன். வெல்லம் நின்றது, கொள்ளு குறைந்தது. புல்லை வலையில் கட்டி நாளைக்கு நான்கு தடவை தொங்கவிட்டோம். காலையில் இரண்டையும் சேர்த்து மைதானத்தில் விட்டார்கள். முதல் நாளே ஒன்றன் கழுத்தை மற்றொன்று பல்லால் சொறிந்துவிட்டது.

தசரா முடிந்த அன்று மேஜர் வந்து பாதிக்கதவின் முன்னால் நின்றார். மகள் என் கைவிரலைப் பிடித்திருந்தாள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்த மாதிரி. குதிரை புல்லை இழுத்து மென்றது. வெள்ளையின் பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு, எங்கள் மூன்று பேரின் கண்ணெதிரே, கதவைக் கவ்வி ஒரு ‘ஹக்’.

“முழுசா நிக்கலையே.”

“நிக்காது சார். ரொம்ப நாள் பழக்கம். ஆனா பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. உடம்பு வச்சிருக்கு பாருங்க.”

அவர் என் தாள்களை வாங்கவில்லை. குதிரையின் விலாவைத் தடவிக்கொண்டே நின்றார். எங்கள் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: ‘குறைபாட்டோடு ஏற்கலாம்.’ அதை நிரப்பச் சொல்லிக் கெஞ்சியவர்களை எல்லாம் திருப்பி அனுப்பியவன் நான், ஒருமுறைகூட நிரப்பியதில்லை. அன்று அதில் டிக் போட்டு மேஜரிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். மகளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். நிபந்தனைகள் என்ற இடத்தில் இங்கிலீஷில் ஒரு வரியும் சேர்த்தார்: குதிரை இருக்கும், அப்பா கேட்டுக்கு வெளியே.

மகள் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தேன். இரண்டு வருடமாக வாராவாரம் அந்தக் கேட்டுக்கு வெளியே பைக்கில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிபந்தனைக்கு முடிவுத் தேதி வாங்காமல் விட்டுவிட்டேன்; தரக்கட்டுப்பாட்டு ஆள் செய்யக்கூடாத தப்பு.