அப்பா வேலை

மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை வாசலில் அடித்தால், அப்பா வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வோம். திருநெல்வேலி டவுனை ஒட்டியிருந்த நூல் மில்லில் அவருக்கு வேலை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அந்த மில்லை நம்பித்தான் இருந்தன. ஓய்வு பெறுகிறவரின் மகன்களில் ஒருவனுக்கு அங்கே இடம் உண்டு. தெருவில் அதை "அப்பா வேலை" என்பார்கள். அதனால் பத்தாவது முடித்த பையன்கள் மேலே படிக்காமல், மில்லில் "பேர் குடுத்துவிட்டு" வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள்.

என் அண்ணன் கணேசன் கணக்கில் பள்ளிக்கே முதல். பாலிடெக்னிக்கில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தபோது பாலத்துக் கூட்டம் அவனை விடவில்லை. "ஏலே, படம் வரையுத டி-ஸ்கொயரத் தூக்கிட்டு மூணு வருசம் அலையப் போறியாக்கும்? அதுக்குள்ள அப்பா வேலை கைக்கு வந்துரும்லே!" அப்பாவும், "மில்லு எங்க ஓடிரப் போவுது?" என்றார். சேர வேண்டிய நாளன்று அண்ணன் பாலத்தில்தான் இருந்தான். அவன் கசக்கிப் போட்ட கடிதத்தை நீவி என் நாட்குறிப்புக்குள் வைத்தேன்.

என்னிடம் அப்பா, "ஏட்டி, பொம்பளப் பிள்ளைக்கு அங்கன எடம் கெடையாதுல்லா, நீ படி" என்றார். வேறு வழியில்லாமல் எனக்கு விட்டுவைத்த படிப்புதான் இன்றுவரை சோறு போடுகிறது. அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. அண்ணன் பேர் கொடுத்த மறு வருடமே மில்லை மூடிவிட்டார்கள்.

அண்ணன் இப்போது ஜவுளிக்கடையில் துணி விரித்துக் காட்டுகிறான். அவன் மகன் முத்து பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கிறான். கல்லூரி விண்ணப்பத்தை வாங்கி, நிரப்ப வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்து அவனிடம் நீட்டினேன்.

"எங்கூட வண்டி ஓட்டுத அண்ணன் இஞ்சினியரு படிச்சவரு அத்தை. அப்பா ஒரு வேலைய நம்பிப் படிக்கல. எனக்கு எந்த வேலையிலயும் நம்பிக்கை இல்ல."

பழைய கடிதத்தை எடுத்துக் காட்டினேன். முத்து அதைப் படித்து முடிப்பதற்குள் அவன் போன் அடித்தது. "ஆர்டர் வந்துட்டு, வாரேன் அத்தை."

"நீயாவது சொல்லேன்" என்று திண்ணையில் இருந்த அண்ணனிடம் கத்தினேன்.

"நான் என்னத்தச் சொல்லட்டும்ட்டி?" என்றான்.

மில் இருந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். பாலத்தில் மட்டும் பையன்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள், போனைப் பார்த்தபடி, அடுத்த ஆர்டருக்காக. விண்ணப்பத்துக்கு நேற்றுதான் கடைசி நாள். முத்து வாங்காமலே விட்டுப்போன, பென்சில் குறிகள் அழியாத அந்தத் தாளை, அண்ணனின் கடிதத்தோடு சேர்த்து மடித்து வைத்தேன்.