பூச்சிமருந்து

நான் சொல்லி முடித்ததும், தட்டச்சு செய்துகொண்டிருந்த டொக்டரின் விரல்கள் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டன. வடக்கு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு அது. கட்டிலில் ஆறு வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய தாய். கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த அன்ரி. மன்னாரிலிருந்து மகளோடு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய கணவர் வேலையில் நின்றதால், மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

என்னைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இடம்பெயர்ந்து ஓடியதில் அம்மாவும் அப்பாவும் சின்ன வகுப்புகளோடு படிப்பை விட்டவர்கள். பிரான்சில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த எங்கள் குடும்பத்தில், பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கவுன்சில் கடிதமோ பெனிபிட் படிவமோ, எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பரிசும் வாங்கியவன். இரண்டு மொழியும் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

டொக்டர் கேட்டது சாதாரணக் கேள்வி: பிள்ளைக்கு வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா? "போன கிழமை பூச்சிமருந்து குடுத்தனான்," என்றார் அன்ரி. எனக்குத் தெரிந்த பூச்சியெல்லாம் தமிழ்ப் புத்தகத்தில் படித்த வண்ணத்துப்பூச்சியும் கரப்பான்பூச்சியும்தான். சமையலறை மூலையில் அப்பா விசிறுவதைத்தான் எங்கள் வீட்டில் பூச்சிமருந்து என்போம். அதையா பிள்ளைக்குக் கொடுத்தார்? ஆனாலும் சொல்லத்தானே வேண்டும்? பூச்சி கொல்லும் நஞ்சைக் கொடுத்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்போதுதான் அந்த விரல்கள் நின்றன. திரும்பவும் கேட்கச் சொன்னார்.

"அன்ரி, உண்மையாப் பூச்சிமருந்தோ குடுத்தனீங்கள்?"

"ஓம் தம்பி, ஊரிலயிருந்து கொண்டந்தது. ரெண்டு கரண்டி. எல்லாத் தாய்மாரும் குடுக்கிறதுதானே?"

அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

பிறகு எல்லாம் ஓட்டம்தான். இரத்தம் எடுத்தார்கள். யார் யாருக்கோ தொலைபேசினார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பிள்ளைகள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டு எழுதினார். இனித் தாய் பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என்ன தம்பி, இவையள் ஏன் என்னை ஒரு மாதிரிப் பாக்கினம்? பிள்ளைக்கு என்னவாம்?" என்று அன்ரி என் கையைப் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் கழிந்தும் என்னால் தாங்க முடியாதது இதுதான். அவர்கள் நம்பியது என் சொல்லை. நானோ அந்த மனிசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தன் பிள்ளைக்கு நஞ்சு கொடுத்தவர் என்று நம்பினேன்.

சற்று நேரத்தில் பிள்ளை சத்தியெடுத்தாள். தாதி நீட்டிய அட்டைக் கிண்ணத்துக்குள் ஒரு சாண் நீளத்தில், வெளிறிய இளஞ்சிவப்பாய் ஏதோ விழுந்தது. பிறகு அது நெளிந்தது. தாதி கிண்ணத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். ஒரு பிள்ளையின் வாயிலிருந்து உயிரோடு இப்படி ஒன்று வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அன்ரி மட்டும் பதறவில்லை. மகளின் வாயைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியே, இதுக்குத்தான் மருந்து குடுத்தனான். இன்னும் கிடக்குது."

"இது புழுவெல்லோ அன்ரி?"

"புழு மாம்பழத்துக்க இருக்கிறது. வயித்துக்க இருந்தால் பூச்சி. உனக்கு என்னத்தைப் படிப்பிச்சவை?"

டொக்டரிடம் என் பிழையைச் சொல்லும்போது என் ஆங்கிலம் தடக்கியது. மண்ணில் கிடக்கும் இந்தப் புழுவின் முட்டை, அழுக்குக் கையோடோ கழுவாத காய்கறியோடோ வயிற்றுக்குள் போய்க் குடலில் புழுவாக வளர்கிறது. பெருகினால் குடலையே அடைத்துவிடும், பிள்ளையின் வலி அதனால்தான் என்று அவர் விளக்கினார். ஸ்கானில் இன்னும் பல தெரிந்தன. மருந்து கொடுத்தார்கள், நாலாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் நான் முதலில் சொன்னது அதற்கு முன்பே கோப்பில் ஏறியிருந்தது. டொக்டர் திருத்தி எழுதியும், விசாரித்துத்தான் மூடுவோம் என்றார்கள். அடுத்த கிழமை அதே பிரிவிலிருந்து இருவர் வீட்டுக்கு வந்து சமையலறை அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். பிள்ளையைத் தனியே இருத்திக் கேள்வி கேட்டார்கள். அன்ரி மூடிய கதவுக்கு வெளியே நின்றார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கடைசியாக அன்ரியை இருத்தி, தொலைபேசி மொழிபெயர்ப்பாளருக்கு எடுத்தார்கள். இணைப்புக் கிடைக்கவில்லை. கேள்வி என் பக்கம் திரும்பியது: கொடுத்தது என்ன மருந்து? நான் வாயைத் திறந்தேன்.

"நீ பேசாமல் இரு தம்பி," என்றார் அன்ரி.

பிறகு அவர்களை நேரே பார்த்தார். வயிற்றில் ஒரு விரலை வைத்து நெளித்துக் காட்டினார். "வேர்ம்," என்றார். "வேர்ம் மெடிசின். நொட் பொய்சன். மை டோட்டர்."

எழுதியவரின் பேனை நிற்கவில்லை. அன்ரி சொன்னதில் மொழிபெயர்க்க எனக்கு எதுவும் இருக்கவில்லை.