வயரக்கா தெருவுக்கு இறங்கிய நாள்

அந்த ஒர்க்ஷாப்பின் பலகையில் 'பிரதர்ஸ் மோட்டார்ஸ்' என்று எழுதியிருந்தது. முதலாளிக்குத் தம்பி என்று யாரும் கிடையாது. இருந்தது ஒரே ஒரு தங்கை. பலகையை மாற்றணும் என்று அண்ணன் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான், மாற்றவில்லை. தங்கையும் வற்புறுத்தவில்லை. வருகிறவர்கள் பலகையைப் பார்த்தா வந்தார்கள்? வயரக்கா இருக்காங்களா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள்.

அவள் முதலில் வீட்டில் உட்கார்ந்து ஃபேனுக்கும் பம்பு மோட்டாருக்கும் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவள். ஒருநாள் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடுகிற ஒரு காரோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் எஞ்சின்காரன். கண்ணால் பார்க்க முடிகிற, கையால் திருக முடிகிற எதையும் சரிசெய்துவிடுவான். வயருக்குள் ஓடுகிற சமாச்சாரம் மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது. அவள் கீழே குனிந்து, துருப்பிடித்த ஒரு எர்த் வயரைச் சுரண்டித் திரும்ப மாட்டினாள். வைப்பர் அடங்கியது. அன்றிலிருந்து அங்கேயே நின்றுவிட்டாள். பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பாகம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால், பிணத்தைக் காட்டு என்பாள். காட்டாமல் புதுசு மாட்ட விடமாட்டாள். இதனால் அண்ணனுக்கும் அவளுக்கும் வாரத்துக்கு ஒரு சண்டையாவது நடக்கும். அண்ணி நடுவில் வந்து இருவருக்கும் டீயை வைத்துவிட்டுப் போவாள். டீ ஆறுவதற்குள் சண்டையும் ஆறிவிடும்.

நர்ஸம்மாவின் கார் வந்தபோதுதான் அப்படி ஆறவில்லை.

நர்ஸம்மா, படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுகிறவர். சின்ன டீசல் கார். கொஞ்ச காலமாக அது மேட்டில் ஏறும்போது திடீரென்று மூச்சை விட்டுவிடுகிறது என்றார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நத்தையாய் ஊரும். முந்தின நாள் பாலத்தின் மேட்டில் அப்படி ஆனபோது பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போயிருக்கிறது. வீட்டுப் பக்கத்திலிருந்த ஒரு ஒர்க்ஷாப்பில் புகைக்குழாய்ச் சென்சாரை மாற்றினார்களாம். சரியாகவில்லை. வேறொரு இடத்தில் மறுபடி மாற்றினார்களாம். அதுவும் வீண்.

வயரக்கா ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள். புகைக்குழாயின் சூட்டை அளக்கிற சென்சாரில் கோளாறு என்று அது சொன்னது. டீசல் காரில் அந்தக் குழாய்க்குள் கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று உண்டு. கரி சேர்ந்ததும் காரின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசல் விட்டு, சூட்டை ஏற்றி, அதை எரித்துவிடும். எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தச் சென்சார்தான். தகவல் தப்பாக வந்தால் கம்ப்யூட்டர் பயந்துபோய் எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிடும்.

வண்டியை முந்தின நாள் இரவே கொண்டுவந்து விட்டிருந்ததால், எஞ்சின் முழுசாக ஆறியிருந்த காலை நேரம். சென்சார் காட்டிய சூடும் வெளியில் அடித்த வெயிலின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அப்படியானால் நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. ஓடும்போதுதான் என்னவோ நடக்கிறது. வண்டியை ஓட்டிப் பார்க்கணும், இன்று முழுக்க வேண்டும் என்றாள்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அவளைப் பின்பக்கம் கூப்பிட்டு, டிராயரிலிருந்து ஒரு சின்ன ரெசிஸ்டரை எடுத்து நீட்டினான். சூட்டுக்குத் தக்கபடி மின்தடை மாறுகிற சென்சாரைக் கழற்றிவிட்டு, மின்தடை மாறாத இதை அந்த இடத்தில் வைத்தால், சூடு எப்போதும் ஒரே அளவு என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொள்ளும். விளக்கும் எரியாது. ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

அவள் கையை நீட்டவில்லை. அப்படிப் பொய் சொல்லவைத்த ஒரு கார் போன வருடம் அங்கேயே வந்திருந்தது. வடிகட்டி கண்டபடி சூடேறி, பின்சீட்டுக்கு அடியில் தரைவிரிப்பு கருகிக் கிடந்தது. அதைக் கிழித்து வெளியே எடுத்தவள் அவள்தான்.

"நான் மாட்டமாட்டேன். நீயும் மாட்டக் கூடாது."

"இது என் கடை. நான் சொல்றதைச் செய்."

"கடை உன்னுதுதான். வண்டி அவங்களுது. அந்த வண்டியில உட்கார்றதும் அவங்கதான்."

அப்படியானால் இந்த வண்டிக்கு இங்கே இடமில்லை என்றான் அண்ணன். கோபத்தில் சொன்னதுதான். அவள் பணிந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான். அவளோ நேராகப் போய்க் கியரை நியூட்ரலில் போட்டு, நர்ஸம்மாவை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காரைத் தன் தோளால் தள்ளிக்கொண்டே வாசலைத் தாண்டினாள். எதிரே பூட்டிக் கிடந்த டயர்க்கடையின் முன்னால், தெரு ஓரத்தில் நிறுத்தினாள். உள்ளே திரும்பி வந்து தன் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். போகிற போக்கில் அண்ணன் கையிலிருந்த ரெசிஸ்டரையும் பிடுங்கிக்கொண்டு போனாள்.

தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்ச்சாரியில் முடிவெட்டுகிறவர், பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார். நடுத்தெருவில் வேலை செய்ய வெட்கமாக இல்லையா என்று யாரோ கேட்டதற்கு, வெட்கப்பட வேண்டியவங்க நிழல்ல நிக்கிறாங்க என்றாள், கடைக்குள் கேட்கிற மாதிரி.

முதலில் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, அதிலிருந்து நீளமான வயர் இழுத்து, தன் மடியில் வைத்த மீட்டரோடு சேர்த்தாள். நர்ஸம்மா ஓட்ட, பாலத்து மேட்டில் ஏறினார்கள். சென்சார் கம்ப்யூட்டரோடு சேராததால் வண்டி நத்தையாகத்தான் ஏறியது. ஆனால் மீட்டரில் எண் நிதானமாகக் கூடியது, எங்கேயும் துள்ளவில்லை. சென்சார் நன்றாகவே இருக்கிறது. இரண்டு தடவை வீணாக மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து, அண்ணனிடமிருந்து பிடுங்கி வந்த ரெசிஸ்டரை, சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் இணைப்பில் சொருகினாள். உள்ளே நடந்த சண்டை நர்ஸம்மாவின் காதிலும் விழுந்திருந்தது. இப்போ இதை எதுக்கு மாட்டறீங்க என்று கேட்டார். மாட்டிவிட்டுப் போகப் போவதில்லை, பார்த்துவிட்டுக் கழற்றிவிடுவேன் என்றாள். ரெசிஸ்டர் மாறாது, அதனால் ஸ்கேனரில் தெரிகிற சூடும் மாறக் கூடாது. மாறினால் தப்பு வயரில்.

திரும்பவும் பாலம். மேட்டின் பாதியில் நர்ஸம்மா அழுத்தி மிதித்ததும், ஸ்கேனரில் அசையாமல் இருந்த எண் ஒரேயடியாக உச்சத்துக்குத் தாவியது. காலை எடுத்ததும் கீழே வந்தது. வயரக்கா அந்த இடத்திலேயே சிரித்துவிட்டாள்.

திரும்பி வந்து நிறுத்தியபோது, டயர்க்கடையின் ஷட்டருக்கு முன்னால் அண்ணி குடை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அண்ணன் திட்டுவானே என்று வயரக்கா சொன்னதற்கு, "திட்டட்டும். வீட்டுச் சாவி என் இடுப்புலதான் இருக்கு" என்றாள் அண்ணி. குடை அன்று முழுக்க அங்கேயே நின்றது.

பானெட்டைத் திறந்து வைத்து, ரெசிஸ்டர் இருக்கட்டும் என்று விட்டு, நர்ஸம்மாவை ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கொண்டு கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னாள். வண்டி நகர முடியாமல் திணறியது. எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாயும்போது, அதன் பின்னாலிருந்த வயர்க்கட்டு ஒன்று கயிறு மாதிரி விறைத்து நிற்பதை அவள் பார்த்தாள். ஸ்கேனரில் எண் தாவியது. கிளட்சை மிதித்ததும் வயர் தளர்ந்தது, எண்ணும் இறங்கியது.

அந்த வயர்க்கட்டு ஒரு இரும்புத் தாங்கியின் முன்பக்கமாக வர வேண்டும். யாரோ பின்பக்கமாக விட்டு முடுக்கியிருந்தார்கள். அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப்பையும் காணவில்லை. டேப்பைப் பிரித்து, ஒவ்வொரு வயராக விரலால் இழுத்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் ரப்பர் போல நீண்டது. மேலுறை முழுசாக இருந்தது; உள்ளே செம்பு அறுந்திருந்தது. நிற்கும்போது இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். எஞ்சின் சாய்ந்தால் பிரிந்துவிடும்.

அந்தத் தாங்கியைக் கழற்றாமல் கிளட்ச் வேலை பார்க்க முடியாது. கிளட்ச் எங்கே மாற்றினீர்கள் என்று அவள் கேட்டாள். பதில் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"இங்கதான், இந்தத் தொல்லை ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. உங்க அண்ணன்தான் மாத்தினார்" என்றார் நர்ஸம்மா.

அண்ணன் அதற்குள் வாசலுக்கு வந்திருந்தான். அவன் முகம் மாறிப்போனது. தங்கையைத் தனியாக அழைத்து, இதை ஏன் இப்போ பெருசாக்குகிறாய், சரி பண்ணிக் கொடுத்து அனுப்பு என்று அடங்கிய குரலில் சொன்னான். ஒரு கணம் அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது என்பது உண்மை. எத்தனை எஞ்சின்களை உயிரோடு மீட்டவன். ஆனால் பாலத்தில் மயிரிழையில் ஒதுங்கிப்போன அந்த லாரி நினைவுக்கு வந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"தப்பு எங்க கடையில நடந்தது, நர்ஸம்மா. உங்க சென்சார் ரெண்டும் பழுதில்ல. எங்க கை வயரைத் தப்பா விட்டுடுச்சு. அதனாலதான் நீங்க பாலத்துல மாட்டிக்கிட்டீங்க."

அண்ணன் உள்ளே போய்விட்டான்.

அறுந்த துண்டை வெட்டியெறிந்து, சூடு தாங்கும் புது வயரைச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே சூடுபட்டால் சுருங்கி இறுகுகிற உறையைப் போட்டு, தாங்கியின் முன்பக்கமாக விட்டுப் புதுக் கிளிப்பில் பிடிக்கவைத்தாள். ரெசிஸ்டரைக் கழற்றிச் சாக்கடையில் எறிந்தாள். சென்சாரைத் திரும்ப மாட்டி, கோளாறுக் குறிப்பை அழித்துவிட்டு, மூன்றாவது முறையாகப் பாலத்தில் ஏறினார்கள். இந்த முறை நர்ஸம்மா மேட்டிலேயே ஒரு பஸ்ஸை முந்தினார். சூடு ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக இறங்கியது.

மறுநாள் காலையில் அவள் அண்ணன் முன்னால் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: இந்தக் கடையில் இனி எந்தக் காருக்கும் பொய் ரெசிஸ்டர் மாட்டக் கூடாது. அவன் தலையைத் தூக்காமல், முடியாது என்றான். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த வாரமே டயர்க்கடைச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, ஷட்டரைத் திறக்கவைத்து, உள்ளே ஒரு மேசையைப் போட்டுவிட்டாள். நர்ஸம்மா போகிற வீடெல்லாம் அவளைப் பற்றிப் பேசியதில், வேலைக்குப் பஞ்சமில்லை. அண்ணி இரண்டு கடைக்கும் டீ கொண்டுபோனாள்.

அண்ணன் வெகுநாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மழை தொடங்கிய சமயத்தில், ஸ்டார்ட் ஆகாத ஒரு காரை ஆட்களோடு தானே தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தான். நனைந்தபடி வாசலில் நின்றான். பானெட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

வயரக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உள்ள தள்ளு. நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

அவன் உள்ளே தள்ளினான். ஒரு ஓரமாகச் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கடைசிவரை பேசாமல் நின்றான்.