மணல்திட்டில் ஏற்றிய கிருத்திகை விளக்கு

மலையுச்சியில் நின்றபடியே அலைமேல் செல்வாரையும் காக்கும் வேலவன் திருவடிகள் இவ்வெழுத்துக்கு முன் நிற்க.

தைத் திங்கள், சனிக்கிழமை, கிருத்திகை நன்னாள். எங்கள் மலையூர் பேத்துப்பாறையில் புல்நுனியெல்லாம் பனி வெளுத்துக் கிடக்கும் பருவம். நானும் என் மனைவியும் முந்தைய நாளே மலையிறங்கி, தென்கடற்கரையில் இருக்கும் அவளுடைய தம்பி வீட்டுக்கு வந்துவிட்டோம். கொடைக்கானல் ஏரியில் நெடுங்காலம் வாடகைப் படகு விட்டவன் அவன். முழங்கால் வலி குளிருக்கு அடங்காததால் சில மாதங்களுக்கு முன்புதான் இங்கே குடியேறி, ஆசைக்கென்று சிறிய ஃபைபர் படகொன்று வாங்கியிருந்தான். சனியும் ஞாயிறும் அதில் எங்களைச் சுற்றிக்காட்டுவதாக ஏற்பாடு.

என் மனைவிக்கு அன்று நோன்பு. பேரன் பிறந்தவுடன் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, அவன் பிழைத்தால் ஓராண்டு கிருத்திகைதோறும் உண்ணாதிருந்து, அந்தியில் விளக்கேற்றி முடிப்பதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். அந்த ஆண்டின் கடைசிக் கிருத்திகை இதுவே. ஒரு மாலை தவறினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது என்று தனக்குத்தானே விதித்திருந்தாள்.

"ஏலே, வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுல விட்டுருவியா?"

"அதுக்கு முன்னாடியே விட்டுர்றேன்க்கா. எனக்கு வேற என்ன சோலி?" என்றவன் என் பக்கம் திரும்பினான். "அத்தான், அந்தக் கம்பளிக் குல்லாயக் கழட்டுங்க. கரையில நிக்கிறவுங்க மீனப் பாக்காம உங்களப் பாக்குறாங்க."

கழற்றினேன். சிறிது தூரம் போனதும் ஸ்வெட்டரையும் கழற்றினேன். அவன் எந்திரத்தை நிறுத்திவிட, படகு தன் போக்கில் மிதந்தது. நீருக்குள் கைவிட்டால் குளிக்க விளாவி வைத்ததுபோல் இளஞ்சூடு. பிறவியைக் கடலென்று அஞ்சும் பாடல்களை வாழ்நாளெல்லாம் பாடி வந்திருக்கிறேன். கடல் இத்தனை இதமாக இருக்கும் என்று அவற்றில் ஒன்றும் எனக்குச் சொன்னதில்லை. அவற்றையே மெல்லப் பாடிக்கொண்டு வந்தேன். மைத்துனன் தாளத்துக்குத் துடுப்பைத் தட்டினான்.

பிற்பகலில் கழிமுகத்தருகே ஒரு மணல்திட்டில் இறங்கினோம். ஏரியில் செய்வதுபோலவே படகின் மூக்கை மணலில் ஏற்றி, துடுப்பை ஊன்றிக் கட்டினான். நானும் உடன் இழுத்தேன். கணுக்கால் நீரில் நடந்தோம், சிப்பி பொறுக்கினோம், படகின் நிழலில் உறங்கியும் போனோம்.

விழித்தபோது கடல் தொலைவில் இருந்தது. படகு ஒருபுறம் சாய்ந்து, மணலில் படுத்திருந்தது. வைத்த இடத்தில் நிற்கும் ஏரிநீரையே பார்த்துப் பழகிய எங்கள் இருவருக்கும் கடல் இறங்கும் என்பது நினைவுக்கே வரவில்லை. தள்ளினோம், அசையவில்லை. கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஆழமான ஓடை. கைபேசியில் அழைத்த பக்கத்து வீட்டுப் படகுக்காரர், கழிமுக வாயில் படகு தரைதட்டும், நீர் ஏறினால்தான் தாமும் வரமுடியும் என்று சொல்லிச் சிரித்தார்.

"தண்ணி திரும்ப வந்துரும்க்கா."

"அது வரும். அந்தி அதுக்காகக் காத்துக் கெடக்குமா?"

கதிரவன் இறங்கிக்கொண்டிருந்தான். அவள் கண்களில் நீர் தளும்பியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் திரும்பினாள்.

"உன் தூக்குச்சட்டியில என்னலே இருக்கு?"

"இட்லி. மத்தியானம் தின்னது போக மிச்சம்."

"பொடிக்கு எண்ணெ கொண்டாந்தியா?"

சிறு புட்டியில் நல்லெண்ணெய் இருந்தது. பொறுக்கிய சிப்பிகளில் அகலமானதைத் துடைத்து எடுத்தாள். என்னைக் கேளாமலே என் வேட்டியின் ஓரத்தைக் கிழித்துத் திரி திரித்தாள்.

"புது வேட்டி," என்றேன்.

"முருகனுக்குத்தான?"

நெருப்புக்கு என்ன செய்வதென்று பார்த்தோம். மைத்துனன் கடலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், பிறகு இடுப்பிலிருந்து ஒரு லைட்டரை எடுத்து நீட்டினான்.

"பீடிய விட்டுட்டேன்னு சொன்ன?"

"விட்டுட்டேன்க்கா. இது கொசுவத்திக்கு."

"குடு வெரசா. ஒன்ன அப்புறம் கவனிச்சுக்கிறேன்."

கடற்காற்றுக்குச் சாய்ந்து கிடந்த படகே சுவராயிற்று. அதன் மறைவில், ஈரமணலைக் கையால் குழித்து, அவள் சிப்பியை வைத்தாள். சுடர் இருமுறை தலைசாய்த்து, பின் நிமிர்ந்து நின்றது. மேலே நிலவு, அதன் அருகிலேயே கார்த்திகை மீன்கள். நான் பாடத் தொடங்கினேன். பேரனின் பெயரைச் சொல்லி அவள் விழுந்து வணங்கினாள்.

நோன்பு முடித்தது ஆறிய இட்லியும் பொடியும் கொண்டுதான். பொடியில் காரம் குறைவு என்று அவள் சொன்னதும், இனி அஞ்ச ஒன்றுமில்லை என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. நீர் மெல்ல வந்து படகைத் தூக்கியது.

இதைப் படிப்போர் இல்லங்களில் அந்தி விளக்கு நின்றெரிக. பிள்ளைகள் நோயின்றி வளர்க. வேண்டியது வேண்டிய பொழுதில் கைகூடி, எல்லோரும் இன்புற்று வாழ்க.