இரும்புக்கடையில் கிடைத்த என் கேசட்

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு நானும் மனைவியும் டிவியில் என் நண்பனின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கப்பலூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடையில் அவன் குந்தியிருந்தான். உடைந்த மிக்சிகளுக்கும் ஃபேன் மோட்டார்களுக்கும் அடியில் கையை விட்டுத் துழாவினான். திடீரென்று, "மக்களே, என்ன கெடச்சிருக்குன்னு பாருங்க!" என்று கத்தினான். கையில் ஒரு மஞ்சள் நிற வீடியோ கேம் கேசட். அதன் மூலையில் பிளாஸ்டிக் உருகிய கறுப்புத் தழும்பு.

"ஏங்க, இது நம்ம ஷோகேஸ்ல இருந்ததுல்ல?" என்றாள் மனைவி.

அதேதான். அந்தத் தழும்பு சின்ன வயதில் என் தங்கை கொசுவத்திச் சுருள்மேல் கேசட்டை வைத்ததால் வந்தது. போன வாரம்தான், போட்டோ எடுக்க வேண்டும் என்று அவன் அதை வாங்கிப் போயிருந்தான்.

அவனும் நானும் அவனியாபுரத்தில் ஒரே தெருக்காரர்கள். டிவியில் இணைத்து விளையாடும், இப்போது சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் அந்தக் கால கேம் பெட்டிகளையும் கேசட்டுகளையும் தேடி, வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்திலிருந்து ஒரே பைக்கில் சுற்றியிருக்கிறோம். பிறகு அவன் இணையத்தில் வீடியோ சேனல் ஆரம்பித்தான். பழைய பெட்டிகளைக் கழற்றித் துடைத்து ஓடவைப்பதைப் பொறுமையாகக் காட்டுவான். பார்க்க ஆள் இல்லை. குப்பையில் எதையாவது கண்டெடுத்தால்தான் கூட்டம் வந்தது.

உடனே போன் போட்டேன்.

"மாப்ள, கோவிச்சுக்காத. நாலு கடை ஏறி எறங்கிட்டேன், ஒன்னும் சிக்கல. வெறுங்கையோட வீடியோ போட முடியுமாடா? எல்லாப் பயலும் இப்படித்தான் பண்றாய்ங்க."

"எல்லாப் பயலுமா?"

"நீ பாத்து வாயப் பொளக்குறியே, அம்புட்டு சேனலும்தான்."

அந்தச் சேனல்களைப் பார்த்துத்தான் ஆண்டுக்கணக்காக ஊர் ஊராகக் குப்பை கிளறியிருந்தேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது அந்த இரும்புக்கடைக்குப் போனேன். வாசலில் பைக்குகளும் கார்களும். உள்ளே படித்த, நல்ல சட்டை போட்ட ஆட்கள் மண்டியிட்டு இரும்பைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலில் ரத்தம். கடைக்கார அக்கா தராசருகே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எட போடக்கூட விட மாட்டேங்குறாய்ங்க தம்பி. கேசட்டு எங்க, கேசட்டு எங்கன்னு உசுர வாங்குறாய்ங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இங்க ஒன்னும் கெடக்கல. அந்த கேசட்டு என்னோடது. வீடியோவுக்காக வச்சு எடுத்தது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

ரத்தம் வடிந்த கைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஈரோட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தவராம். "எங்கள வெரட்டிட்டு நீங்க ஒத்தையா அள்ளப் பாக்கறீங்களா?" என்றார். இன்னொருவர் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

மறுநாள் மச்சினன் கூப்பிட்டான். "அத்தான், நீங்க என்னத்தையோ அமுக்கி வச்சிருக்கீகன்னு வீடியோ சுத்துதே?" திறந்து பார்த்தால் என் முகம். 'கேசட் திருடன்' என்று பெரிய சிவப்பு எழுத்து. கீழே, முன்பின் தெரியாதவர்கள் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருந்தார்கள். மனைவி போனைப் பிடுங்கி அணைத்தாள்.

அன்று சாயங்காலமே நண்பன் வந்துவிட்டான். "இம்புட்டுத் தூரம் போகும்னு நெனைக்கல மாப்ள" என்று கேசட்டை என் கையில் கொடுத்தான். எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கேமராவை வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தழும்பின் கதையைச் சொன்னேன். பேசும்போது அவனுக்குக் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை, எனக்குத் தெரியும்.

அவன் போட்ட வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். "அழுற சீன் வேற லெவல்ணே", "கேசட் திருடனும் நல்லா நடிக்கிறாப்ல", "பார்ட் டூ எப்ப?" என்று எழுதினார்கள். நிஜம் என்று நம்பியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களும், அப்படியானால் வேறு எந்தக் கடையில் இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். நண்பன் ஒவ்வொன்றாகப் படித்தான்.

சில வாரம் கழித்து, கேமரா இல்லாமல் பழையபடி சுற்றிவருவோம் என்று இருவரும் பரவைப் பக்கம் கிளம்பினோம். நாங்கள் முன்பின் போகாத ஓர் இரும்புக்கடை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் கடைக்காரர் முகம் மலர எழுந்து வந்தார். மேசையைத் திறந்து, கவர்கூடப் பிரிக்காத புத்தம்புது கேசட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நீங்க வருவீகன்னுதான் வாங்கி வச்சேன். ஃபேனுக்கு அடியில சொருகவா, சைக்கிளுக்கு அடியிலயா? வீடியோல எது எடுப்பா இருக்கும்ணே?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "தண்ணி குடிச்சிட்டு வாரோம்ணே" என்று சொல்லி அவன் பைக்கைக் கிளப்பினான். திண்டுக்கல் ரோடு வரும்வரை அவன் வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை.