ஸ்ரீரங்கத்தில் ஒரு ஹைட்ரேஞ்சா

இந்த ஊரில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பொய்யில்லை. அடுத்த வீட்டு மோரீன் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் பூவாளியுமாக வாசலில் நின்றதை முதன்முதலில் பார்த்தபோது, ஐயோ பாவம், வயதான காலத்தில் தலைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவள் தொட்டிகளில் வளர்ப்பது ஹைட்ரேஞ்சா. முட்டைக்கோஸ் அளவுக்கு உருண்டு திரண்டு, நீலமும் ஊதாவுமாகப் பூக்கிற செடி. ஊட்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் அகன்ற இலைகள் மழையைத் தொட்டிக்கு வெளியே தள்ளிவிடுமாம். மேலே கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் அடியில் வேர் தாகத்தோடு கிடக்குமாம். இங்கிலாந்துக்காரர்கள் வேறு எதற்கும் இவ்வளவு பதறி நான் பார்த்ததில்லை. அவள் வெட்டிக் கொடுத்த கிளை ஒன்றை என் வாசலிலும் நட்டேன். அது தரையில் வேர்விட்டுப் புதராகிவிட்டது.

அப்பா இங்கே வந்தது ஒரே ஒரு தடவை. அரண்மனை, அருங்காட்சியகம் எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. அந்தப் புதருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மைதிலி, இதைப் பார்த்தாலே உடம்பு குளிர்றதும்மா. நம்மாத்துல வச்சா வருமா?" என்று கேட்டார். நம்ம வெயிலில் கருகிவிடும் என்றேன். அவர் விடவில்லை. "ரெண்டு பக்கமும் ஆறு ஓடற ஊர்ல ஒரு செடிக்குத் தீர்த்தம் இல்லாமப் போயிடுமா?" எங்கள் வீடுகளில் குடிக்கிற தண்ணீரைத் தீர்த்தம் என்றுதான் சொல்வோம்.

இந்தச் சித்திரையில் லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓடினேன். அப்பாவின் இதயம் பலவீனமாகி, காலிலும் நெஞ்சிலும் நீர் கோத்துக்கொண்டிருந்தது. திருச்சி டாக்டர் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "ஒரு நாளைக்கு இவ்வளவுதாங்க. காபி, மோர், ரசம் எல்லாம் இதுக்குள்ளதான். மீறினா மூச்சுக்குத் திண்டாடுவாரு." எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உலையின் முன்னால் நின்று சம்பாதித்த மனுஷர் அவர். சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும்போதே அம்மா சொம்போடு வாசலுக்கு வந்துவிடுவாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதை வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து, ஒரே மூச்சில் முழுச் சொம்பையும் குடித்து முடிப்பார். தொண்டை ஏறி இறங்குவதையே அம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்களுக்குள் வேறு கொஞ்சல் எதையும் நான் பார்த்ததில்லை.

சரி, தண்ணீர்தான் கொடுக்க முடியாது, கண்ணுக்காவது குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அந்தச் செடியைத் தேடிப் போனேன். தஞ்சாவூர் ரோட்டில் ஒரு நர்சரியில் கிடைத்தது. "ஊட்டிலேர்ந்து வந்ததுங்க. நெழல்ல வைங்க, ஜம்முனு வரும்" என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறை. எங்கள் ஊரில் மே மாதத்தில் நிழலும் சுடும் என்பது எனக்கே மறந்துபோயிருந்ததே, அதைச் சொல்லுங்கள்! அப்பாவின் கட்டில் ஜன்னலுக்கு நேரே, பின்கட்டில் வைத்தேன். அன்று அவர் முகத்தில் வந்த சிரிப்புக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஹைட்ரேஞ்சாவுக்கு ஒரு குணம். மண் ஈரமாகவே இருந்தாலும் உச்சி வெயிலில் இலையும் பூவும் துவண்டு தொங்கும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். ஊற்றிக்கொண்டே போனால் வேர் அழுகிவிடும். இதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாடிப் போய் யார் வாசலில் வந்து நின்றாலும், கேள்வி கேட்பதற்கு முன்னால் சொம்பை நீட்டிப் பழகிய கை அது. "வாடறதைப் பார்த்துண்டு சும்மா உக்காரச் சொல்றியா? நன்னாயிருக்கே நியாயம்!" என்பாள். மோரீனுக்குச் செய்தி அனுப்பினேன். தொட்டியைத் தூக்கிப் பார், கனமாக இருந்தால் ஊற்றாதே, ராத்திரி குளிரில் தானே தேறிவிடும் என்று பதில் போட்டாள். இங்கே ராத்திரியும் கொதிக்கிறது என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவைத்தாள்.

தொட்டியை நான் தினமும் தூக்கிப் பார்த்தேன், கனத்தது. அப்பாவைத் தினமும் எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள், அதுவும் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தபடி, "கொஞ்சம் தீர்த்தம் தாயேன்" என்றார். அம்மா கையில் நிறைந்த சொம்பு இருந்தது. பழக்கதோஷத்தில் மொண்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது. அன்றைய அளவுக்கு நிரப்பி வைத்திருந்த பாட்டிலைப் பார்த்தாள். அதில் ராத்திரி மாத்திரைக்கு ஒரு வாய்தான் மிச்சம். "இன்னித்துக்கு அளவு ஆயிடுத்து" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய் அந்தச் சொம்பை அப்படியே செடியில் கவிழ்த்தாள். "அம்மா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவள் திரும்பவே இல்லை. "நீ ஊருக்குப் போயிடுவே. நான்தான் இங்கே தினம் இல்லே, இல்லேன்னு சொல்லிண்டு இருக்கணும். இதுக்காவது ஊத்திக்கறேனே, விடேன்" என்றாள். சொம்பைப் பிடுங்கப் போன கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் தடுக்கவில்லை.

இலைகள் மஞ்சளாகின. பூ பழுப்பேறியது. தொட்டி மண்ணில் அழுகல் வாடை வந்தது. நான் கிளம்புகிற அன்று அப்பா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "பாவம், அதுக்கும் டாக்டர் ஒரு பாட்டில்னு சொல்லியிருக்கணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை. காலில் விழுந்து எழுந்து, டாக்ஸியில் ஏறி, பாலத்தில் வறண்டு கிடக்கிற கொள்ளிடத்தைப் பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நேற்று வீடியோவில் கூப்பிட்டேன். அப்பாவின் முகம் இன்னும் உப்பியிருந்தது. பேச்சு நடுநடுவே நின்றது. "அங்கே என்னம்மா சத்தம், மழையா?" என்றார். ஆமாம்பா என்றேன். "காட்டேன்." கதவைத் திறந்தேன். புதர் நிறையப் பூத்திருந்தது. ஒவ்வொரு பூவும் குடித்த கனம் தாங்காமல் தரைவரை வளைந்திருந்தது. உடம்பை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, கையை மட்டும் மழைக்குள் நீட்டி, போனைச் செடியின் மேல் பிடித்தேன். சரி, போதும் என்று போனை என் பக்கம் திருப்பினேன். திரை முழுக்கத் துளிகள். அவற்றுக்கு அடியில் அப்பா கண்ணை மூடி, தலையை அண்ணாந்து, வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தார். துடைப்பதற்காகத் தூக்கிய முந்தானையைக் கீழே விட்டேன். போனை மறுபடியும் மழையில் நீட்டிக்கொண்டு நின்றேன்.